கல்வெட்டுக்காரி ஞானாம்பிகை

உரும்பிராயில் ஒரு வீட்டில் அந்தியேட்டி என்றால் ஐயருக்கு அடுத்தபடியாக வந்து சேருகிற ஆள் ஞானாம்பிகை என்று ஊரில் ஒரு பகிடி இருந்தது. பகிடிதான், ஆனால் அதில் பொய் அதிகம் இல்லை. ஆள் செத்த முப்பத்தோராம் நாள் சொந்தபந்தத்துக்கெல்லாம் சோறு போட்டு, போகும்போது கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். செத்தவரின் படம், குலப்பெருமை, பிறந்தது, படித்தது, மணம் முடித்தது, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நாலு தேவாரம். கடதாசியில் அச்சடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு. மற்றவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கேயாவது செருகிவிட்டு மறந்துபோவார்கள். ஞானாம்பிகை பந்தியிலேயே வாசிக்கத் தொடங்கி, பாயசம் வருவதற்குள் ஒருமுறை சிரித்தும் விடுவாள். அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

அவள் சிரிப்பது செத்தவரைப் பார்த்தல்ல. ஒழுங்கையில் எவருக்கும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தறியாத மனுசனை "வாரி வழங்கிய வள்ளல்" என்று எழுதியிருப்பார்கள். மாமியாரோடு பதினைந்து வருடம் முகம் பார்க்காத மருமகள் "தாயே எமைப் பிரிந்து தவிக்கவிட்டுப் போனாயோ" என்று விருத்தத்தில் புலம்பியிருப்பாள். இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பதற்கு ஒரு தனிப்பயிற்சி வேண்டும். ஞானாம்பிகைக்கு அந்தப் பயிற்சி இல்லை.

முப்பத்துமூன்று வயது. கலியாணம் சரிவரவில்லை, சரிவராததைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை. பகலில் பட்டணத்தில் ஒரு பத்திரிகைக் கந்தோரில் புரூவ் பார்க்கிற வேலை. கிழமைக்கொருமுறை அதே பத்திரிகையில் புனைபெயரில் நாடகங்களையும் புத்தகங்களையும் பிரித்து மேய்வாள். மாலையில் பல்கலைக்கழகம் இருக்கிற, பக்கத்து ஊரான திருநெல்வேலிக்குச் சைக்கிள் மிதித்துப் போய், இதழியலும் பதிப்பும் பண்பாட்டு விமர்சனமும் சேர்ந்த ஒரு முதுகலைப் படிப்பு. வெளியுலகத்துக்கு ரெயில் இல்லை, கறண்ட் இல்லை, கடிதம் எப்போது வரும் என்று தபாற்காரனுக்கே தெரியாத தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், ஆறேழு பேர் ஒரு வகுப்பறையில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பத்திரிகை என்றால் என்ன என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அவளுடைய ஆய்வு, யாழ்ப்பாணத்துக் கல்வெட்டுகள் பற்றியது. ஐம்பது வருடத்துக் கல்வெட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்திருந்தாள். தாய் இரத்தினம்மா அவற்றை வீட்டுக்குள் எடுக்கவிடவில்லை.

"செத்த ஆக்களையெல்லாம் என்ரை வீட்டுக்குள்ளை கொண்டந்து அடுக்காதை. மாட்டுக்கொட்டிலுக்குள்ளை வை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாடும் கன்றும் ஒரு பக்கம், காலஞ்சென்றவர்கள் ஒரு பக்கம் என்று ஆய்வு நடந்தது.

படிக்கப் படிக்க ஞானாம்பிகையின் சிரிப்புக் குறைந்து ஒரு கோபம் வளர்ந்தது. ஆண்களின் கல்வெட்டு பொய்யோ மெய்யோ நிறைய இருக்கிறது. பெண்களுடையதில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இத்தனை பேரின் தாய் என்று உறவுமுறை முடிந்தவுடன் ஆளும் முடிந்துவிடுகிறாள். அவள் என்ன செய்தாள், எதற்குச் சிரித்தாள், எதற்குச் சண்டை பிடித்தாள் என்று ஒரு வரி கிடையாது. இதுதான் ஆய்வின் நடு எலும்பு. வழிநடத்திய விரிவுரையாளர் செல்வநாயகி கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "நல்லாய் வந்திருக்கு. கார்த்திகை முடியிறதுக்கிடையிலை மூண்டு பிரதி தட்டச்சிலை தாரும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். குடாநாட்டில் கடதாசி இல்லை. சண்டையைச் சாட்டி அரசாங்கம் வடக்கே வரவிடாத பொருட்களின் பட்டியலில் சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரியோடு கடதாசியும் இருந்தது. அவளுடைய பத்திரிகையே ஒருநாள் ரோசா நிறத்தில், மறுநாள் கோடுபோட்ட கொப்பித்தாளில் என்று கிடைத்ததில் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் வேறு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: இந்த வருடம் பட்டத்தோடு வந்தால் ஞாயிறு மலர் அவளுக்கு. பத்து வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தமாக ஒரு மலர்! மூன்று பிரதிக்கு ஒரு றீம் வெள்ளைத்தாள் கிடைத்தால் எல்லாம் கிடைத்த மாதிரி. அதற்காகச் சுன்னாகம், மானிப்பாய், நெல்லியடி என்று சைக்கிளில் அலைந்தாள். ஒரு கடைக்காரர் பழைய கலண்டர்களின் பின்பக்கத்தைக் காட்டினார்.

கடதாசி இருந்தது கதிரவேலு மாஸ்ரரிடம். அதுவும் பக்கத்து ஒழுங்கையில்.

கதிரவேலர் கொடிகாமத்தில் ரெயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து இளைப்பாறியவர். பள்ளிக்கூட வாத்திமாரை மாஸ்ரர் என்று கூப்பிடுகிற ஊரில், ரெயில் அனுப்பினவரையும் மாஸ்ரர் என்று கூப்பிட வைத்தது அவருடைய மிடுக்கு. எதையும் நேரத்துக்கு முன்பு செய்து முடிக்கிற மனுசன். எண்பத்தொன்பதில் கொழும்புக்குப் போய் வந்தபோது இரண்டு றீம் நல்ல வெள்ளை பூல்ஸ்காப் தாள் வாங்கிவந்து தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். தன்னுடைய கல்வெட்டுக்கு! ஒரே மகன் ஜேர்மனியில். அவன் வந்து செய்வான் என்று நம்பி இருந்தால் வண்டி தவறிவிடும் என்பது அவருடைய கணக்கு. எழுதி, அச்சடித்து, கட்டி வைத்துவிட்டால் திகதி மட்டும் பிறகு யாராவது பேனையால் போட்டுக்கொள்ளலாம்.

விசயம் தெரிந்து ஞானாம்பிகை போனபோது அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டுக் காத்திருந்தவர் போல இருந்தார்.

"வாரும் பிள்ளை. உமக்குத் தாள் வேணுமாம். எனக்கு எழுத ஆள் வேணும். ஒரு றீம் உமக்கு, ஒரு றீம் எனக்கு. சரியோ?"

"நான் பொய் எழுதமாட்டன் மாஸ்ரர்."

"ஆர் பொய் எழுதச் சொன்னது? என்னைப் பற்றி உண்மை எழுதினாலே புகழ்தானே!"

அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

ஞாயிறு காலைகளில் அவர் சொல்ல அவள் எழுதினாள். அவருடைய காலத்தில் கொடிகாமத்தில் யாழ்தேவி ரெயில் ஒரு நிமிடம் பிந்தினால் அதற்கு அநுராதபுரம்தான் பொறுப்பு. பெரியதொரு உத்தியோகத்தரை ரிக்கற் இல்லாததற்காகப் பிளாற்பாரத்தில் இறக்கிவிட்டது. பிள்ளையார் கோயிலுக்கு மணி கொடுத்தது. ஒருநாள் நடுவில் பொம்மர் விமானம் வந்து சுற்ற, இருவரும் முற்றத்துப் பங்கர் குழிக்குள் இறங்கினார்கள். குண்டு எங்கேயோ கோண்டாவில் பக்கம் விழுந்து மண் சொரிந்தது. அந்த இருட்டுக்குள்ளும் அவர், "மணியின்ரை நிறையை எழுதினனீரோ?" என்று கேட்டார். ஞானாம்பிகைக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

மேலே ஏறி வந்து மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "மாஸ்ரர், அம்மாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

மனைவி குணலட்சுமி எண்பத்தேழு கார்த்திகையில் போனவர். இந்தியப் படை வந்த சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து நல்லூர்க் கோயிலடியில் கிடந்தபோது முட்டு வருத்தம் கூடி, மூச்சுக்கு அலைந்து போனார். யாரோ நாலுபேர் ஊரடங்குக்கு இடையில் கொண்டுபோய் எரித்தார்கள். எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

"அவவைப் பற்றிச் சொல்ல என்ன கிடக்கு? நல்ல மனுசி. வீட்டிலை இருந்தவ" என்றார் மாஸ்ரர். பிறகு பெட்டி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "கிழமைக்கு ஒருக்கால்தானே நான் வாறது. அவ சமைச்சு வைச்சிருப்பா" என்றார்.

ஞானாம்பிகைக்குக் கோபம் தலைக்கேறியது. ஐம்பது வருடத்துக் கல்வெட்டில் கண்ட வரி இதோ உயிரோடு கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போகாமல் நேரே செபஸ்தியம்மாவைத் தேடிப் போனாள். செபஸ்தியம்மா குருநகரிலிருந்து கடகத்தில் மீன் கொண்டுவந்து அந்த ஒழுங்கையில் இருபது வருடமாக விற்கிறவள். அவளுக்குத் தெரியாத அடுப்படி உரும்பிராயில் இல்லை.

குணலட்சுமி என்ற பெயரைக் கேட்டதும் செபஸ்தியம்மா கடகத்தை இறக்கி வைத்தாள்.

"ஐயோ, அந்த மனுசியோ! அவவாலை எனக்கு எத்தினை நாள் மீன் நாறிப் போச்சுது தெரியுமோ? வியாழக்கிழமை எண்டால் பேப்பரிலை தொடர்கதை வரும். ஒழுங்கைப் பொம்பிளையள் எல்லாம் அவவின்ரை கிணத்தடியிலை. அவ உரத்து வாசிப்பா. கிழவன் மாதிரிக் கதைப்பா, குமர்ப்பிள்ளை மாதிரிக் கதைப்பா. நானும் கத்தியும் கையுமாய் இருந்து கேப்பன்."

"நல்லாய் வாசிப்பாவோ?"

"வாசிக்கிறதோ? அவ கதையை மாத்திப்போடுவா பிள்ளை! ஒருக்கால் ஒரு பெட்டை, புருசன் அடிச்சுக் கொடுமைப்படுத்தி, கடைசியிலை கிணத்துக்குள்ளை விழுந்து செத்துப்போறாள். நாங்களெல்லாம் கண்ணைத் துடைக்க ரெடி. இவ வாசிக்கிறா, பெட்டை தாலியைக் கழட்டி அவன்ரை மூஞ்சையிலை எறிஞ்சுபோட்டு வவுனியாவுக்கு பஸ் ஏறிட்டாளாம்! பேப்பரிலை அப்பிடியோ கிடந்தது? கோண்டாவில் சந்தையிலை நான் அதைச் சொல்லப்போய், பெரிய சண்டை. அவளவை செத்துப்போனாள் எண்டு சொல்லினம், நான் இல்லை எண்டு சொல்லுறன். வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தி பேப்பரைக் கொண்டந்து காட்டினாப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது."

"பிறகு போய்க் கேட்டனீங்களோ?"

"கேக்காமலோ! 'அந்த எழுதினவனுக்குப் பொம்பிளையளைக் கிணத்துக்குள்ளை தள்ளுறதை விட்டால் வேறை ஒண்டும் தெரியாது செபஸ்தி, நானென்ன செய்ய' எண்டா." சொல்லிச் சிரித்த செபஸ்தியம்மா முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "அவ போனாப் பிறகு எனக்கு வியாழக்கிழமை பிடிக்கிறேல்லை."

ஞானாம்பிகை அன்று சைக்கிளை ஓட்டவில்லை, உருட்டிக்கொண்டே வந்தாள். தான் பத்து வருடமாகப் புனைபெயரில் செய்கிற வேலையை இந்த மனுசி பட்டமும் பத்திரிகையும் இல்லாமல் கிணற்றடியில் செய்திருக்கிறாள். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்த நாளில்தான் அவளுக்கு நன்றாக எழுதவரும்.

அடுத்த ஞாயிறு மாஸ்ரர் தன் கல்வெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். முதற்பாதி ரெயில், மணி, உத்தியோகத்தர். பின்பாதி முழுக்கக் குணலட்சுமி. அவருடைய முகம் சிவந்தது.

"இது என்ரை கல்வெட்டோ, அவவின்ரையோ? நான் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? என்ரை மனுசி கிணத்தடியிலை இருந்து பொய் வாசிச்சவ எண்டு நான் அச்சடிச்சுக் குடுக்கிறதோ?"

"பொய்யில்லை மாஸ்ரர். அவ திருத்தி வாசிச்சவ."

"உந்த நியாயமெல்லாம் உங்கடை வகுப்பிலை வைச்சுக்கொள்ளும். முறையாய் எழுதினால் தாள். இல்லாட்டில் இல்லை."

கார்த்திகை முடியப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் கிடந்தது. ஞானாம்பிகை இரண்டு நாள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் ஞாயிறு மலர் கண்ணுக்குள் வந்து நின்றது. உட்கார்ந்தாள். ஐம்பது வருடத்துக் கல்வெட்டைக் கரைத்துக் குடித்தவளுக்கு ஒரு கல்வெட்டு எழுத எவ்வளவு நேரம் வேண்டும்? அடுப்பில் உலை கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. சீர் பிசகாத விருத்தம். "புகையிரதம் போல் நேர் வழியே போன புண்ணியனே" என்று ஒரு வரி வேறு. எழுதியதைத் திருப்பி வாசித்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கொண்டுபோனாள்.

மாஸ்ரர் வாசித்தார். தலையாட்டினார். மறுபடியும் வாசித்தார். காகம் ஒன்று வந்து கிணற்றுக்கட்டில் இருந்து கரைந்துவிட்டுப் போனது.

"நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் பிள்ளை, இதிலை செத்தது ஆர்?"

ஞானாம்பிகை பையின் வாரைச் சரிசெய்தாள்.

"எங்கடை பெரியப்பா செத்தாலும் இதைக் குடுக்கலாம். அந்தச் சந்திக்கடைக்காரன் செத்தாலும் குடுக்கலாம்." தாளை மடித்து மடியில் வைத்தார். "அந்த மற்றதை வைச்சிருக்கிறீரோ?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் பின்பாதியை மட்டும் வாசித்தார். வவுனியா பஸ் வந்த இடத்தில் அவருடைய உதடு துடித்தது. சிரிப்பா வேறேதுமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அவ ஒரு நாளும் வாசிச்சுக் காட்டேல்லை."

"நீங்கள் கேட்டனீங்களோ மாஸ்ரர்?"

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். "முப்பது வருசம் போற வாற ரெயிலுக்கெல்லாம் கொடி காட்டினனான். வீட்டை வந்து இவவோடை இருந்து ஒரு கதை கேக்கேல்லை. என்ரை பகுதியை வெட்டிவிடும். நான் இருக்கிறன்தானே, எனக்கு அவசரமில்லை. வாற கிழமை அவவின்ரை திதி. அண்டைக்கு இதைக் குடுப்பம். நீர் உம்மடை றீமை இப்பவே கொண்டுபோம்."

பெட்டியைத் திறந்தார்கள். மேலே இருந்த றீம் வெள்ளையாக, இறுக்கமாக, கடைவாசம் மாறாமல் இருந்தது. கீழே இருந்ததைத் தூக்கினால் கையோடு வந்தது மண். பெட்டியின் அடித்தகரம் கறள்பிடித்து ஓட்டையாகி, அதற்குள்ளால் கறையான் ஏறி ஒரு றீமையும் தின்று முடித்திருந்தது. எதையும் நேரத்துக்கு முன்பு செய்த மனுசன், மூன்று வருடம் பூட்டைத்தான் பார்த்திருக்கிறார். பெட்டிக்கு அடியில் பார்க்கவில்லை.

மாஸ்ரர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சநேரத்தில் எழும்பி, மிஞ்சிய றீமை இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் நீட்டினார். "கொண்டுபோம் பிள்ளை. உம்மடை நேரம் தவறக்கூடாது. அவ அஞ்சு வருசம் காத்திருந்திட்டா. இன்னும் கொஞ்சம் இருப்பா."

ஞானாம்பிகை வாங்கிக்கொண்டாள். படலை வரைக்கும் போனாள். கையிலிருந்த பாரத்தில் அவளுடைய ஆய்வு முழுக்க இருந்தது: இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்று நூற்றைம்பது பக்கத்தில் சாதித்த ஆய்வு. அதைத் தட்டச்சடிக்கப் போவது குணலட்சுமியின் தாளில். எந்த முகத்தோடு அடிப்பது? ஞானாம்பிகைக்குக் கோபம் தன்மேல் வந்தது, செல்வநாயகிமேல் வந்தது, கறையான்மேல் வந்தது, நாட்டை மறித்து வைத்திருக்கிறவர்கள்மேல் வந்தது. நின்ற நிலையில் ஒருபாட்டம் அழுதாள். பிறகு சைக்கிளைத் திருப்பி, றீமைக் கரியரில் கட்டி, வீட்டுக்குப் போகாமல் அச்சுக்கூடத்துக்குப் போனாள்.

செல்வநாயகிக்குச் செய்தி சொன்னபோது அவர் எழும்பியே விட்டார். "உமக்கென்ன விசரோ? அடுத்த முறை எண்டால் ஒரு வருசம்!"

"ஓம் மிஸ்."

"ஞாயிறு மலர்?"

"அது போச்சுது மிஸ்."

போய்த்தான் விட்டது. தை பிறக்க முன்பே ஆசிரியர் அதை வேறொருவருக்குக் கொடுத்தார். அந்த ஆள் எழுதியதற்கும் ஞானாம்பிகைதான் புரூவ் பார்த்தாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு கல்வெட்டு வரியாகிவிடும். வலித்தது.

திதியன்று மாஸ்ரர் வீட்டு முற்றம் நிறைந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் எழும்பப் பார்க்க, அவர் எழுந்து நின்று புத்தகத்தைத் திறந்தார். கொடிகாமத்தில் வண்டி அறிவித்த அதே குரலில், மனைவியின் கல்வெட்டை முதல்வரியிலிருந்து வாசித்தார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண்களின் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு இன்னொன்று. பஸ் ஏறிய இடம் வந்ததும் அடுப்படியில் நின்ற செபஸ்தியம்மா, "ஓம், ஓம், ஏறினவள்தான்!" என்று உரத்துக் கத்தினாள். மாஸ்ரர் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார். அன்று பந்தியில் ஞானாம்பிகை சிரிக்கவில்லை. வாழையிலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுடைய வீட்டுப் படலை ஓயவில்லை. ஒருத்தி தோடம்பழத்தோடு வந்தாள், ஒருத்தி மோரோடு வந்தாள். எல்லோருக்கும் ஒரே கதைதான்: "நான் சாக இன்னும் நாள் கிடக்கு பிள்ளை. எண்டாலும் ஒருக்கால் இருந்து கேளுமன்." ஞானாம்பிகை கிணற்றுக்கட்டில் இருந்து கேட்டு, பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் எழுதினாள். அடுத்த வருடம் அவள் கொடுத்த ஆய்வில் இவை ஒரு தனி இயலாக வந்தன. பட்டமும் வந்தது.

ஆனால் அவளுக்கு அந்த வருடத்தில் மறக்காமல் நின்றது பட்டமில்லை. ஒரு மத்தியானம் அவள் எழுதிக்கொண்டிருக்க, கடைசியாக வந்த மனுசி படலையைச் சாத்திவிட்டுப் போன பிறகு, இரத்தினம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. ஊரிலை இருக்கிற எல்லாரையும் கேட்டிட்டாய்."

"ஓம், கிட்டத்தட்ட."

"என்னை மட்டும் கேக்கேல்லை."

ஞானாம்பிகை பேனையைக் கீழே வைத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தாய் அதைச் சும்மா, உப்புக் குறைந்திருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள். அவள் எழும்பித் தான் இருந்த இடத்தைத் தாய்க்குக் கொடுத்துவிட்டு, கீழே வெறும் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கோ அம்மா."

இரத்தினம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பொறு. எங்கையிருந்து தொடங்கிறதெண்டு தெரியேல்லை. ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கேல்லையே" என்றாள்.